வெளியே வந்த நேரம்

இது நடுராத்திரியில் நடந்ததல்ல. போன சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் மணி 2.40. ஓசூர் தொழிற்பேட்டையில் நான் வேலை செய்யும் ரசாயனத் தொழிற்சாலையின் யார்டில் நடந்தது. வெயிலில் எனக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் பெயர் அதியா. ஏற்றுமதிப் பிரிவில் கப்பல் காகிதங்கள் தயாரிக்கிறேன். என் கணவர் தௌசிப் அதே இடத்தில் சரக்கேற்றும் சூப்பர்வைசராக இருந்தார். பெயின்டுக்கும் சாயத்துக்கும் சேர்க்கிற ரசாயனங்களை நீல டிரம்களில் அடைத்து, கன்டெய்னரில் ஏற்றிச் சென்னைத் துறைமுகத்துக்கு அனுப்புவோம். அங்கிருந்து கடல்.

காலிக் கன்டெய்னர் வந்ததும் ஒரு சோதனை உண்டு. லைட் டெஸ்ட் என்போம். ஒருவர் உள்ளே போவார். வெளியே நிற்பவர் கதவுகளைச் சாத்தித் தாழிடுவார். இருட்டில் எங்காவது வெளிச்சப் புள்ளி தெரிந்தால் அங்கே ஓட்டை, கடல்தண்ணீர் புகுந்துவிடும். உள்ளே இருப்பவர் அந்தப் புள்ளியைச் சுற்றி மஞ்சள் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு, கதவை மூன்று முறை தட்டுவார். உடனே திறக்க வேண்டும். மூன்று நிமிட வேலை.

தௌசிப் கூடுதலாக ஒரு வழக்கம் வைத்திருந்தார். உள்ளே போகிறவரின் பெயரையும் நேரத்தையும் கதவின் உட்பக்கம் எழுதுவார். வெளியே வந்ததும் அந்த நேரத்தையும் எழுதுவார். பிறகு அழித்துவிடுவார். "உள்ள போன மனுசன் வந்தானான்னு யாராச்சும் பாத்துக்கணும்ல" என்பார். அவர் எழுதும் 4 கவிழ்த்த நாற்காலி மாதிரி இருக்கும். நான் கேலி செய்வேன்.

அவர் இறந்து அப்போது பதினான்கு மாதம் ஆகியிருந்தது. தண்ணீர்க் குழாயடியில் 2.30க்கு மயங்கி விழுந்தார், மாரடைப்பு என்று தொழிற்சாலைப் பதிவேட்டில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் மூடியிருந்த அவர் வலது கையை நான்தான் பிரித்தேன். உள்ளே ஒரு துண்டு மஞ்சள் சாக்பீஸ்.

தண்ணீர் குடிக்கப் போனவருக்குச் சாக்பீஸ் எதற்கு?

அதைத் தெரிந்துகொள்ளத்தான், கணவர் இறந்தால் மனைவி வீட்டோடு இருக்கும் இத்தா காலம் முடிந்ததும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தேன். மேலாளர் பரமசிவம் மூன்று முறை ஒரு காகிதத்தை என் முன்னால் நீட்டினார். குழாயடியில்தான் இறந்தார், எனக்கு ஆட்சேபணை இல்லை என்ற காகிதம். கையெழுத்துப் போட்டால் தொழிற்சாலை ஆய்வாளர் விசாரணையை முடித்துவிடுவார்.

நான் போடவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது புதுக் கன்டெய்னர் பெட்டி. தயாரித்த மாதம் கதவுத் தகட்டில் பொறித்திருந்தது. தௌசிப் இறந்து எட்டு மாதம் கழித்துச் செய்த பெட்டி அது. எண்ணைக் குறித்துக்கொள்ள யார்டுக்குப் போயிருந்தேன். லோடிங் வேலை செய்யும் பாலாஜி உள்ளே போனார். ஆஞ்சப்பன் கதவைச் சாத்தினார். அஞ்செட்டிக்காரர். தௌசிப் உள்ளே போகும்போதும் கதவு சாத்துகிறவர் அவர்தான்.

பத்து நொடி இருக்காது. உள்ளிருந்து தடதடவென்று அடி. கதவைத் திறந்ததும் பாலாஜி வெளியே குதித்தார்.

"உள்ள இன்னொரு ஆள் இருக்காரு."

"எவன்டா அது?" என்றபடி ஓடி வந்தார் பரமசிவம்.

"தெரியல சார். மூச்சு வுடுறாரு."

"டிக்கெட் எடுக்காம கப்பலேற வந்திருப்பான். போடா உள்ள! நாலு மணிக்கு வண்டி கெளம்பலன்னா கப்பல வுட்டுருவோம்."

"நீங்க வேணா போய்ப் பாருங்க சார்."

பரமசிவம் போகவில்லை. ஆஞ்சப்பனைப் பார்த்தார். ஆஞ்சப்பன் தரையைப் பார்த்தார்.

"நான் போறேன்" என்றேன்.

"உனக்கெதுக்கும்மா இந்த வேல?"

"எங்க வூட்டுக்காரர் பாத்த வேலதான சார்."

பாலாஜியிடமிருந்து சாக்பீஸை வாங்கிக்கொண்டேன். கைபேசியில் மணி பார்த்தேன். 2.40. ஆஞ்சப்பன் கதவைச் சாத்தினார். தாழ் விழுந்தது. டங்... டங்...

இருட்டு என்றால் அப்படியோர் இருட்டு. தகரம் அடுப்பு மாதிரிக் கொதித்தது. புது மரப்பலகை வாசனை. பின்சுவர்வரை தடவிக்கொண்டே நடந்தேன். வலது மூலையில், அரிசியளவு வெளிச்சம் தெரிந்தது. புதுப் பெட்டியில் ஓட்டையா என்று நினைத்துக்கொண்டே அதைச் சுற்றி வட்டம் போட்டேன்.

கையை எடுத்தேன். சாக்பீஸ் உரசும் சத்தம் நிற்கவில்லை.

கிரீச்... கிரீச்...

எதிர்ச் சுவரில். யாரோ வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எனக்குப் பயமாக இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பதினான்கு மாதம் பொய்யோடு குடியிருந்தவளுக்கு அதுவும் ஒரு பயமா?

"தௌசிப்?" என்றேன்.

உரசல் நின்றது.

வெளிச்சப் புள்ளி மறைந்தது. எனக்கும் அதற்கும் நடுவே ஏதோ நின்றது.

மூச்சு... இழுத்து... இழுத்து...

கதவுப் பக்கம் தட்டும் சத்தம். டொக். டொக். டொக்.

நான் பின்சுவர் ஓரம் நிற்கிறேன்.

கதவு திறக்கவில்லை.

டொக். டொக்... டொக்.

திறக்கவில்லை.

டொக்...

அடுத்த தட்டு வரவில்லை.

அப்போது எனக்குப் புரிந்தது. இருட்டில் ஓடிப் போய் இரண்டு கையாலும் கதவில் அறைந்தேன். "ஆஞ்சப்பண்ணா, தெற! இந்தத் தடவையாவது தெற!"

தாழ் விலகியது. வெயில் கண்ணில் அடித்தது. மணி பார்த்தேன். 2.51.

பாலாஜிதான் திறந்திருந்தார். ஆஞ்சப்பன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

"அன்னிக்கும் இதே மாரிதாம்மா தட்டுனாரு பாயி. மிந்தின சரக்குக்கு அடிச்ச புகை மருந்து பெட்டிலயே நின்னிருக்குது. யாருக்கும் தெரியல. நான் எட மேடையாண்ட இருந்தேன். சத்தம் கேட்டுச்சு. சார்தான், எட சீட்டு வாங்கினு அப்புறமா போய்த் தெறடான்னாரு. வந்து தெறக்கங்காட்டியும்... அப்புறம் தூக்கினு போயிக் கொழாயாண்ட போட்டோம்."

"ரெண்டு பேருக்கும் வெயில் ஏறிடுச்சு. தண்ணி குடுங்கப்பா" என்றார் பரமசிவம்.

"குடிக்கிறேன் சார். கொழாயடிக்குக் கூப்புடாதீங்க" என்றேன்.

பாலாஜி டார்ச்சோடு உள்ளே போய்ப் பார்த்தார். பின்சுவரில் என் வட்டம் ஒன்றுதான் இருந்தது. அதற்குள் ஓட்டை இல்லை.

டிரம்கள் ஏறின. விதிப்படி நானே படம் எடுத்தேன். 3.55க்கு எடுத்த படத்தில் கதவுகளின் உட்பக்கம் சுத்தமாக இருக்கிறது. கதவை மூடினோம். சீல் வைத்தோம். மறுநாள் ஆஞ்சப்பன், தான் எதுவுமே சொல்லவில்லை என்றார். "எனக்கு ரெண்டு பொண்ணும்மா" என்றார். நான் காகிதத்தில் கையெழுத்துப் போடாமலே இருந்தேன்.

முப்பத்து மூன்றாம் நாள் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்திலிருந்து மின்னஞ்சல். சீல் உடையாமல் இருந்தது, எண் சரி, டிரம்கள் சரி என்றார்கள். ஆனால் கதவின் உட்பக்கம் மஞ்சள் நிறத்தில் ஏதோ எழுத்து. இது எந்த மொழி? அபாய எச்சரிக்கையா? தெரியும்வரை இறக்க மாட்டோம். படம் இணைத்திருந்தார்கள்.

இரண்டு வரிகள். முதல் வரி:

தௌசிப் – உள்ளே 2.40. வெளியே

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. பதிவேட்டின்படி 2.30க்கே குழாயடியில் விழுந்துவிட்டவர் அவர். கவிழ்த்த நாற்காலி மாதிரி அந்த 4.

ஆஞ்சப்பனிடம் படத்தைக் காட்டினேன். "எப்பம்மா ஆபீசருகிட்ட போவணும்?" என்றார்.

ஆன்ட்வெர்ப்புக்குப் பதில் எழுதினேன். தமிழ். ஆம், அபாய எச்சரிக்கைதான். சரக்கைப் பற்றியது இல்லை, எங்களைப் பற்றியது. முதல் வரியை மொழிபெயர்த்து, ஆய்வாளருக்கும் நகல் அனுப்பினேன்.

"யாரக் கேட்டு அனுப்புன?" என்று கத்தினார் பரமசிவம்.

"எழுதுனவரக் கேட்டு."

விசாரணை மறுபடி நடக்கிறது. ஆஞ்சப்பன் வாக்குமூலம் கொடுத்துவிட்டார். நான் இன்னும் அதே மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அன்று உள்ளே போகும்போது நான் கதவில் எதுவும் எழுதவில்லை. வெளியே வந்த நேரத்தை யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாவது வரியும் அவர் கையெழுத்துதான்.

அதியா – உள்ளே 2.40. வெளியே 2.51.

அதை மட்டும் நான் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை.