மண்ணுக்கும் தாருக்கும் ஒரே கார்

அடுத்தவன் காருக்கு அடியில் வெர்லின் டட்ரோ மல்லாந்து கிடக்கிறார். வெளியே தெரிவது இரண்டு பூட்ஸும் ஒரு தொப்பையும்தான். கையில் டார்ச், வாயில் உப்பில் ஊறிய வெள்ளரிக்காய். "சேசிஸ்ல முத்திரையக் காணோமே, எங்கடா ஒளிச்சு வச்சிருக்க?" என்று உள்ளிருந்து குரல் வருகிறது. இதைச் சோதிப்பதற்கென்றே எங்கள் கார் பந்தய கிளப்பில் சம்பளத்துக்கு ஒருவர் இருக்கிறார். அவர் ஓரமாக நின்று சோளப்பொரி தின்றுகொண்டிருப்பார்.

அமெரிக்காவின் இந்தியானாவில், ஸ்பிரிண்ட் கார் என்கிற குட்டிப் பந்தயக் கார்களுக்கு டயர் விற்பது என் பிழைப்பு. எங்கள் பந்தயங்கள் வெள்ளிக்கிழமை மண் தடத்தில், சனிக்கிழமை தார்த் தடத்தில். டயரை மாற்றலாம், ஸ்பிரிங்கை மாற்றலாம், காரை உயர்த்தலாம், தாழ்த்தலாம். காரின் எலும்புக்கூடான சேசிஸை மட்டும் மாற்றக் கூடாது. சீசன் தொடக்கத்தில் முத்திரை குத்திய அதே சேசிஸ்தான் இரண்டு தடத்திலும் கடைசிவரை ஓட வேண்டும்.

இந்த விதியைப் பெற்றெடுத்தவர் வெர்லின். கான்கிரீட் கம்பெனி முதலாளி ரஸ் ஹாலவே மண்ணுக்கு ஒன்று, தாருக்கு ஒன்று என இரண்டு கார் வைத்துக்கொண்டு கோப்பைகளை அள்ளிக்கொண்டிருந்தார். வெர்லினிடம் இருந்தது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு குளிர்காலக் கூட்டத்திலும் மேசையைத் தட்டித் தட்டியே விதியைக் கொண்டுவந்துவிட்டார். "உழுற குதிரைதான் ஞாயித்துக்கிழம சர்ச்சுக்கும் வண்டி இழுக்கணும்!" என்பது அவர் வேதவாக்கு. கார் பக்கமே போகாமல் குதிரையை நம்பி வாழும் பக்கத்துப் பண்ணை ஆமிஷ்காரர் மெனோவிடமும் பெருமையாகச் சொல்லிப் பார்த்தார். "எங்க வீட்டுல அதுக்கு ரெண்டு குதிரை இருக்கே, வெர்லின்" என்றார் மெனோ. அன்றோடு அந்த வீட்டில் முட்டை வாங்குவதை வெர்லின் நிறுத்திவிட்டார்.

சனிக்கிழமை காலையில் மண் போகக் காரைக் கழுவ வேண்டும். ஊர் கார்வாஷ் வாசலில் 'ரேஸ் கார்களுக்கு அனுமதி இல்லை' என்று ஒரு போர்டு தொங்குகிறது. வெர்லின் கொட்டிய களிமண் சாக்கடையை அடைத்ததன் ஞாபகார்த்தம் அது. இப்போது லூத்தரன் சர்ச் வளாகத்தில் கழுவுகிறார். பாதிரியார் முகம் சுளித்தபோது, "பாவத்தக் கழுவுற எடந்தானே பாஸ்டர், சேத்தக் கழுவக் கூடாதா?" என்றாராம்.

இந்த ஆண்டு விதி அவர் வீட்டுக்கே வந்துவிட்டது. காரை ஓட்டுவது மகள் ரோண்டா. வாரநாட்களில் கேரவன் தொழிற்சாலையில் கதவு பொருத்துகிறவள். பத்துப் பதினைந்து வருடமாகக் கோப்பைக்காக முட்டி மோதி, இப்போதுதான் முதல் தடவையாகப் புள்ளிகளில் முதலிடம். கடைசிப் பந்தயம் சனிக்கிழமை. முந்தின நாள் மண் தடத்தில் கார் உருண்டது. ரோண்டா கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே நடந்து வந்துவிட்டாள். சேசிஸ் முறுக்கிப் பிழிந்த துணியாகிவிட்டது. அதை நிமிர்த்த யாராலும் முடியாது.

மறுநாள் ரஸ்ஸே தேடி வந்தார். "என் ஸ்பேர் கார எடுத்துக்கய்யா வெர்லின். மண்ணே படாத பொண்ணு!" அந்தச் சிரிப்பில் பெருந்தன்மை பாதி, பழிதீர்க்கும் குஷி பாதி.

சீசன் நடுவே விதியைத் தளர்த்த எல்லாக் கார்காரர்களும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் மறுத்தாலும் நடக்காது. ரஸ் என்றைக்காவது ஆட்களை வளைத்துவிடுவார் என்று பயந்து அதையும் எழுதிச் சேர்த்தவர் இதே வெர்லின்தான்.

கார்களுக்கு நடுவே எல்லோரும் கூடினோம். ரோண்டா பந்தய உடையில் தயாராக நின்றாள். "அப்பா, நீ ஒண்ணும் செய்ய வேணாம். வாயத் தொறக்காம சும்மா நில்லு, அது போதும்" என்றாள். கிழவா, இன்றைக்கு ஒரு நாளாவது தகப்பனாக மட்டும் இரு என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"வேணாங்கிறவங்க யாராச்சும் இருந்தா கை தூக்குங்க" என்றார் கிளப் தலைவர், பேருக்கு.

வெர்லின் வாயைத் திறக்கவில்லை. கண்கள் நிறைந்து தரையைப் பார்த்தபடி, கிரீஸ் படிந்த வலது கையை மெதுவாக உயர்த்தினார். ரோண்டா கையுறையைக் கழற்றி அவர் முகத்தில் வீசினாள். அதை இடது கையால் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வலது கையை இறக்கவில்லை.