ஏலக்காயில் ஏறிய வாடை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறு, ஐப்பசி மாதம். போடிநாயக்கனூருக்கு நாங்கள் தனிக்குடித்தனம் வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. என் கணவருக்கு ஓர் ஏலக்காய் வியாபாரியிடம் வேலை. திங்கட்கிழமை காலையில் ஜீப்பில் தொற்றிக்கொண்டு போடிமெட்டுக்கு ஏறினால், தோட்டம் தோட்டமாகப் போய்க் காய் பார்த்துவிட்டு சனிக்கிழமைதான் இறங்குவார். மற்ற நாளெல்லாம் நானும் நாலு சுவரும் மழையும்தான்.

வீடு என்று பெயர். முதலாளி வீட்டின் பின்கட்டில் இரண்டு அறை, அவ்வளவுதான். அதில் ஓர் அறைக்கும் முதலாளியின் காய் அறைக்கும் நடுவே ஒரு பழைய கதவு, எப்போதும் தாழ் போட்டிருக்கும். அந்தப் பக்கம் மலையிலிருந்து வந்த ஏலக்காயைக் கொட்டி வைத்து, பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து காம்பு கிள்ளித் தரம் பிரிப்பார்கள். அவர்கள் பேசுவதெல்லாம் எனக்குக் கேட்கும். அடுப்படி வேலையை முடித்துவிட்டு அந்தக் கதவோரமாகப் போய் உட்கார்ந்துகொள்வேன். எனக்கு அந்த ஊரில் வேறு யார் இருந்தார்கள்?

அவர்களில் ராசிங்காபுரத்திலிருந்து நடந்து வருகிற ஒருத்தியின் குரல் தனியாகத் தெரியும். கரகரப்பான குரல். மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதைக்கூடச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லுவாள். நான் இந்தப் பக்கம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பேன். அவள் முகத்தை நான் பார்த்ததே இல்லை. எழுந்து போய்ப் பேசியிருக்கலாம்தான். முதலாளி வீட்டோடு இருக்கிறவள் என்று பேச்சை நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்று பயம். இருக்கிற ஒரு துணையையும் கெடுத்துக்கொள்ள மனசு வரவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் நான் எண்ணெய் வர்ணத்தில் படம் வரைவேன். பள்ளிக்கூடத்து டிராயிங் டீச்சர் சொல்லிக்கொடுத்தது. கல்யாணமாகி மாமியார் வீட்டில் இருந்த மூன்று வருஷமும் தூரிகை டிரங்குப் பெட்டிக்கு அடியிலேயே கிடந்தது. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நானாகத்தான் எடுக்கவில்லை. போடிக்கு வந்த மூன்றாவது வாரம், பேச ஆளில்லாத சலிப்பில் பெட்டியைத் திறந்தேன். வர்ணம் பாதி இறுகிப்போயிருந்தது. கடைவீதியில் சீமெண்ணெய் மாதிரி வாடையடிக்கும் டர்பன்டைன் ஒரு பாட்டில் வாங்கி வந்து கரைத்து, எங்கள் ஊர் ஆற்றங்கரையை வரைய ஆரம்பித்தேன். முதல் கோடு போட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு அழுதேன்.

மழைச் சாரலுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியிருந்தேன். கூரையில் பதித்த கண்ணாடி ஓட்டின் வெளிச்சம் அந்தக் கதவோரம்தான் விழும். அதனால் படமும் அங்கே, தூரிகை ஊறுகிற டர்பன்டைன் கிண்ணமும் அங்கே, கதவின் இடுக்கை ஒட்டி. நாலு நாள் இப்படியே போயிற்று. அந்தப் பக்கம் அவள் பேச்சு, இந்தப் பக்கம் என் படம். நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்து வெகு காலம் ஆகியிருந்தது.

அதற்கு நடுவில் ஒருநாள், புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வந்துவிட்டாள் போலிருக்கிறது. ராசிங்காபுரத்துக்காரி அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"பூவை எடுத்து வெளிய வச்சுட்டு வாத்தா. காய் பக்கத்துல எது இருந்தாலும் அந்த வாசத்தைக் குடிச்சிரும். கருவாட்டுக் கொழம்பு கொண்டாந்தாலும் வாசல்லயே நிப்பாட்டிருவாக, தெரிஞ்சுக்க."

இதை நான் காதால் கேட்டேன். கேட்டும் எனக்கு உறைக்கவில்லை. பூவுக்கும் கருவாட்டுக்கும் சொன்னது என்று நினைத்து, தூரிகையை டர்பன்டைனில் முக்கி அலசிக்கொண்டிருந்தேன். போடியில் பிறந்த எந்தப் பெண்ணும் இந்த மடத்தனத்தைச் செய்திருக்க மாட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை முதலாளி காய் அறைக்கு வந்தார். ஒரு கை காயை அள்ளி முகர்ந்திருக்க வேண்டும்.

"சீமெண்ணெ வாடை அடிக்குது. இந்தக் கதவோரத்து மூட்டைதான். இது யாரு உக்காருற எடம்?"

அது ராசிங்காபுரத்துக்காரியின் இடம்.

"நேத்து நீ சீமெண்ணெ பாட்டிலோட போனதப் பாத்தேனே."

"வீட்டுக்குப் போறப்பத்தான் மொதலாளி வாங்குனேன். உள்ள கொண்டாரவே இல்ல. எம் புள்ள மேல சத்தியம்."

"நாளையிலருந்து வராத."

நான் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன், காலடியில் அந்தக் கிண்ணம். அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். நான் செய்தது, கிண்ணத்தைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டுபோய்க் கொல்லையில் கொட்டி, சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவியதுதான். சொன்னால் என் கணவர் வேலை போகும், வீடு போகும், மறுபடி மாமியார் வீடு, மறுபடி டிரங்குப் பெட்டி. மூன்று வருஷம் கழித்து இப்போதுதான் தொட்டேன், அதற்குள்ளாகவா என்று எனக்குள் ஒரே புலம்பல். அந்தப் புலம்பலில் அவள் அழுதுகொண்டே படியிறங்கிப் போனதைக் கேட்காதவள் மாதிரி இருந்துவிட்டேன்.

மறுநாள் வழக்கம்போலக் கதவோரம் வந்து உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் ஒருத்தரும் பேசவில்லை. காய் முறத்தில் உருளும் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம்தான் தாங்க முடிந்தது. டர்பன்டைன் பாட்டிலை எடுத்துக்கொண்டு நேரே முதலாளியிடம் போய் நின்றேன்.

அவர் மூடியைத் திறந்து முகர்ந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"ஏம்மா, ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா? படம் வரையணும்னா எங்க மொட்டமாடிக்குப் போயி வரை. இந்தப் பாட்டிலு வீட்டுக்குள்ள வரப்படாது" என்றார். உடனே ராசிங்காபுரத்துக்கு ஆள் அனுப்பினார். என் கணவர் மத்தியானம் மலையிலிருந்து இறங்கியதும் முதலாளி முன்னால் போய்த் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். அவருடைய வேலைக்கு ஒன்றும் வரவில்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லவும் இல்லை.

திங்கட்கிழமை அவள் வந்தாள். முதல்முறையாக நான் காய் அறைக்குள் போனேன். குரலை வைத்து நான் நினைத்திருந்ததைவிடச் சின்ன உருவம், நரைத்த தலை. என்னால்தான் வந்தது என்று சொன்னேன். வெள்ளிக்கிழமை முதலாளி கேட்டபோதே எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். அதை மறைத்துவிட்டு மன்னிப்புக் கேட்க நாக்கு வரவில்லை.

அவள் கையிலிருந்த காயின் காம்பைக் கிள்ளி முறத்தில் போட்டாள்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல தாயி. வீட்டுல ஒருத்தரும் நம்பல. எம் மவன் மேலதான் சத்தியம் பண்ணுனேன். அவனே, 'நீ உள்ள கொண்டு போயிருப்ப, இப்ப மறைக்கிற'ன்னுட்டான்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கக் குனிந்துகொண்டாள். எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பெண்கள் தாழ்ந்த குரலில்தான் பேசினார்கள். கதவுக்குப் பின்னால் ஆள் இருப்பது தெரிந்துபோயிற்றே. நானும் அங்கே போய் உட்காருவதை விட்டுவிட்டேன். மழை ஓய்ந்து மார்கழி வெயில் வந்ததும், மொட்டைமாடியில் தனியாக உட்கார்ந்து அந்த ஆற்றங்கரைப் படத்தை முடித்தேன். அதற்கப்புறம் எத்தனையோ வரைந்துவிட்டேன்.

என்னவெல்லாமோ போய்விடும் என்று பயந்தேனே, அதில் ஒன்றுகூடப் போகவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்த அந்த ஒரு நாளை அவள்தான் தன் வீட்டில் அனுபவித்தாள். இன்றைக்கும் புதிதாக ஒரு படம் தொடங்க உட்காரும்போது எனக்கு முதலில் வருவது வெட்கம்தான்.