ஊசியில்லாத ஒன்பது நாள்

அவனியாபுரம் பைபாஸில் பேட்டரிக்கடை வைத்திருக்கும் அப்துல் ரசாக்குக்கு ஆசிட்டைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முப்பது வருஷமாக அதோடுதான் புழக்கம். அவருடைய சட்டைகளில் ஓட்டை விழாதது ஒன்றுகூடக் கிடையாது. பெருநாளைக்கு எடுத்த புதுச்சட்டையோடு ஒருதரம் கடையை எட்டிப் பார்க்கப்போய் அதுவும் பாழாயிற்று. தரையில் ஆசிட் சிந்தினால் ஒரு கை சமையல் சோடாவை அள்ளிப் போடுவார். புசுபுசுவென்று நுரைத்து அடங்கிவிடும்.

அதனால்தான் பீர் முகமது, "உன் உடம்பு பூரா ஆசிட்டு மாப்ள. நீ கடையில சோடா போட்டு அமத்துவேல்ல, அது மாதிரி அமத்தணும்" என்று சொன்னபோது ரசாக்குக்கு அது சட்டென்று பிடிபட்டது.

பீர் முகமது அவருடைய மனைவி ஜெயினம்புவின் அண்ணன். அதற்கு முன்னால் சினேகிதர். நெல்பேட்டையில் ஒரே சந்தில் வளர்ந்தவர்கள். 'வாடா போடா' என்று திரிந்தவர்கள், தங்கச்சியைக் கட்டிக் கொடுத்த பிறகு மச்சானும் மாப்பிள்ளையும் ஆனார்கள். ரசாக் அன்றிலிருந்து 'நீங்க' என்றுதான் பேசுவார். இரண்டு பேருக்கும் சர்க்கரை இருந்தது. ரசாக்குக்கு முப்பத்திரண்டு வயசிலேயே வந்துவிட்டது. ஆள் ஒல்லி. மாத்திரை கேட்கவில்லை, ஊசிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பத்தொன்பது வருஷமாகக் காலையும் மாலையும் ஊசி. மச்சானுக்கு நாற்பதுக்கு மேல் வந்தது. மாத்திரையில் ஆரம்பித்து அவரும் ஊசிக்கு வந்து சேர்ந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் அவரை ஒத்தக்கடைப் பக்கம் புதிதாகக் கட்டின ஒரு மண்டபத்துக்குக் கூட்டிப்போனார். தண்ணீர் மெஷின் விற்கிற ஒரு கம்பெனியின் கூட்டம். கோட் போட்ட ஒருவர் மேடையில் வரிசையாக டம்ளர் வைத்திருந்தார். எல்லாவற்றிலும் ஒரே மருந்தை இரண்டிரண்டு சொட்டு விட்டார். கலர் சோடா மஞ்சளாகியது. கேன் தண்ணீர் இளம்பச்சையாகியது. அவர்கள் விற்கிற மெஷினில் பிடித்த தண்ணீர் மட்டும் கத்தரிப்பூ நிறத்தில் ஜொலித்தது. "மஞ்சள்னா ஆசிட். எல்லா வியாதிக்கும் அதுதான் வேர்" என்றார் அவர். அடுத்து மைக்கைப் பிடித்தது பீர் முகமது.

"பத்து வருஷமா ஊசி போட்டுக்கிட்டு இருந்தவன் நான். இந்தத் தண்ணி குடிக்க ஆரம்பிச்சு நாப்பது நாளாச்சு. மருந்து மாத்திரை அம்புட்டையும் ஒரு பையில கட்டி வைகையில வீசிட்டேன்."

மண்டபமே கை தட்டியது. ரசாக்குக்குக் கண் கலங்கிவிட்டது. நம்ம பீரு, நம்ம மச்சான், தப்பித்துவிட்டான் என்று நினைத்தார்.

மறுவாரம் வில்லாபுரத்தில் ரசாக் வீட்டு அடுப்படியிலும் அந்த மெஷின் ஏறியது. முதல் இரண்டு வாரம் ஊசியைப் பாதியாகக் குறைத்தார். பிறகு அடியோடு நிறுத்தினார். இன்சுலின் பாட்டிலை எடுத்து அவரே குப்பையில் போட்டபோது ஜெயினம்பு பார்த்துக்கொண்டுதான் நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. சாதாரணமாக ஒரு வேளை ஊசி தவறினாலே கத்துகிறவள் அன்றைக்குப் பேசாமல் இருந்தது ரசாக்குக்குப் பெரிய தெம்பாக இருந்தது.

தினமும் காலையில் மச்சான் போன் பண்ணுவார். "இன்னைக்கு ஊசி போட்டியா மாப்ள?"

"இல்ல மச்சான்."

"சபாஷ்!"

இரண்டாம் நாளே தாகம் பிடித்துக்கொண்டது. குடிக்கக் குடிக்க நாக்கு ஒட்டியது. "நல்லதுதான், உடம்பு தண்ணியக் கேக்குது" என்றார் மச்சான். மணிக்கொருதரம் ஒன்றுக்குப் போயிற்று. "ஆசிட் வெளியேறுது மாப்ள." சர்க்கரை பார்க்கிற மெஷினை எடுக்கட்டுமா என்று கேட்டதற்கு, "வேணாம். கழிவு வெளியேறும்போது ஏத்தித்தான் காட்டும். அதப் பாத்தா நீயே பயந்துருவ" என்றார்.

நாலாம் நாள் கம்பெனி ஆட்களெல்லாம் கீழக்குயில்குடிக்கு வாக்கிங் போனார்கள். சமணர் மலைப் படியில் கொஞ்ச தூரம் ஏறியதற்கே ரசாக்குக்குத் தலை சுற்றியது. கீழே தாமரைக்குளத்து ஓரத்தில் உட்கார்ந்தவரை மச்சான் எழுப்பி நிறுத்தி, செல்போனை நீட்டினார். "சும்மா ரெண்டு வார்த்தை பேசு மாப்ள."

ரசாக் பேசினார். "பத்தொன்பது வருஷ ஊசிய நிறுத்திட்டேன். யானை மாதிரி இருக்கேன்." சொல்லும்போது முழங்கால் நடுங்கியதை வீடியோவில் பார்க்க முடியாது. இடுப்புக்கு மேலேதான் எடுத்திருந்தார் மச்சான்.

அந்தத் தெம்பிலேயே ரசாக் தன் கடைக்கு வாடிக்கையாக வரும் ஷேர் ஆட்டோ டிரைவர் நல்லகாமனையும் பிடித்தார். நல்லகாமனுக்கு பிரஷர். "மாத்திரைய விட்டுட்டு இந்தத் தண்ணியக் குடி. நான் தாரேன்" என்று கேனில் பிடித்துக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து நல்லகாமன், "நிறுத்திட்டேன் பாய்" என்று சொன்னபோது அவருக்கு ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி.

ஒன்பதாம் நாள் செவ்வாய்க்கிழமை. விடிந்ததிலிருந்து வயிற்றுவலி, வாந்தி. அப்படியும் கடையைத் திறந்தார். பதினோரு மணி வாக்கில் பேட்டரிக்குத் தண்ணீர் பார்க்க வந்த நல்லகாமன், ரசாக் ஸ்டூலில் சரிந்து கிடப்பதைப் பார்த்தான். அவர் ஓடி வந்த ஆளைப் போல நெஞ்சு ஏறி இறங்க மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். குனிந்து தூக்கும்போது அவர் வாயிலிருந்து அழுகிப்போன பழமும் நெயில் பாலிஷும் கலந்த மாதிரி ஒரு வாடை வந்தது. நல்லகாமன் ஆட்டோவில் இருந்த நாலு பேரை அங்கேயே இறங்கச் சொல்லிவிட்டு, பெரியாஸ்பத்திரிக்கு விரட்டினான்.

இரண்டு நாள் என்ன நடந்தது என்று ரசாக்குக்குத் தெரியாது. மூன்றாம் நாள் கையில் சொட்டுச்சொட்டாக ஏறிக்கொண்டிருந்த பாட்டில்தான் முதலில் தெரிந்தது. பக்கத்தில் டாக்டர் மாதங்கி, கேஸ் ஷீட்டோடு உட்கார்ந்திருந்தார். சின்ன வயசுதான். ராத்தூக்கம் இல்லாத கண்.

"பேட்டரிக்கடைன்னு சொன்னாங்க. அப்ப உங்களுக்கு ஈசியாப் புரியும். நம்ம ரத்தத்துக்கு ஒரு அளவு இருக்கு. ஏழு புள்ளி நாலு. அதுல ஒரு நூல் கூடலாம், ஒரு நூல் குறையலாம், அம்புட்டுதான். நீங்க வந்தப்ப ஆறு புள்ளி ஒன்பது எட்டு."

"பெரிய வித்தியாசம் இல்லையே டாக்டரம்மா?"

"இன்னும் ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்திருந்தா நாம இப்படி உக்காந்து பேசிக்கிட்டு இருக்க மாட்டோம். ரத்தம் பூரா ஆசிட்."

ரசாக் திகைத்துப்போனார். "அந்த ஆசிட்டுக்குத்தானே நான் தண்ணி குடிச்சேன்?"

மாதங்கி பேனாவை மூடி வைத்தார். "வயித்துக்குள்ள இருக்கிறதே ஆசிட்தான். அந்தத் தண்ணி உள்ள போனதும் அதோட கலந்து சாதாத் தண்ணி ஆயிரும். நம்ம உடம்பு தினமும் ஆசிட் உண்டாக்கிட்டுத்தான் இருக்கும். மூச்சு விடுறப்ப ஒரு பங்கு வெளிய போயிரும். மிச்சத்தை கிட்னி ஒண்ணுக்குல அனுப்பும். அதை அமத்துறதுக்கு வேண்டிய சோடாவையும் கிட்னியே செஞ்சு ரத்தத்துல சேத்துக்கும். நாம ஊத்த வேண்டிய அவசியமே இல்ல."

"அப்புறம் எனக்கு எப்படி?"

"ஊசி இல்லாததால சர்க்கரை ரத்தத்துலயே தேங்கிருச்சு, தசைக்குள்ள போகல. உடம்பு பட்டினின்னு நெனச்சு கொழுப்பை எரிக்க ஆரம்பிச்சிருச்சு. அம்புட்டு ஆசிட்டும் அதுல வந்ததுதான். தேங்குன சர்க்கரை ஒண்ணுக்கோட போறப்ப தண்ணியையும் உப்பையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போச்சு. அதான் அந்தத் தாகம். நெஞ்சு முட்ட மூச்சு வாங்குனீங்கல்ல? அது உங்க நுரையீரல் ஆசிட்ட ஊதி வெளிய தள்ளப் பாத்தது. உடம்பு கடைசி வரைக்கும் உங்க பக்கம்தான் நின்னுச்சு."

கை முழுக்க ஊசிக்குத்து இருப்பதை ரசாக் பார்த்தார். மாதங்கியும் அதைப் பார்த்தார். "ரெண்டு மணிக்கொருதரம் ரத்தம் எடுத்தோம். பொட்டாசியம்னு ஒரு உப்பு. இன்சுலின் ஏத்துனதும் அது ரத்தத்துல மளமளன்னு குறையும். ரொம்பக் குறைஞ்சாலும் ஆபத்து, கூடுனாலும் ஆபத்து. இதயமே நின்னுரும். அதையும் பாத்துப் பாத்துத்தான் ஏத்துனோம். சரி, ஊசிய நிறுத்தச் சொன்னது யாரு?"

வாசலில் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பீர் முகமது நின்றுகொண்டிருந்தார். ரசாக் அவரைப் பார்த்தார்.

"நானாத்தான் நிறுத்துனேன் டாக்டரம்மா" என்றார்.

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு ரசாக்குக்கு ஒரே பயம் மச்சானைப் பற்றித்தான். நமக்கு ஒன்பது நாளில் இந்தக் கதி என்றால், எழுபது நாளுக்கு மேலாக ஊசியில்லாமல் திரிகிற மனுஷனுக்கு என்ன ஆகும்? எப்படியாவது காலில் விழுந்தாவது டாக்டர் மாதங்கியிடம் கூட்டிப்போய்விட வேண்டும் என்று, நடக்கத் தெம்பு வந்த மறுநாளே நெல்பேட்டைக்குப் போனார். மச்சான் அசர் தொழுகைக்குப் போயிருந்தார். மகள் ஷைமாதான் இருந்தாள்.

"உக்காருங்க மாமா. அத்தா இப்ப வந்துருவாரு. மோர் குடிக்கிறீங்களா?"

அவள் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். கதவில் முட்டை அடுக்குக்குக் கீழே இரண்டு இன்சுலின் பாட்டில். ஒன்று முழுசு. ஒன்று பாதி.

"அது யாருக்கும்மா?"

"அத்தாவுக்குத்தான் மாமா. நேத்துத்தான் நான் வாங்கிட்டு வந்தேன். ஒரு நேரம் தப்புனாலும் எங்கள ஒரு வழி பண்ணிருவாரு." சிரித்துக்கொண்டே மோரை நீட்டினாள். பாவம், அவளுக்கு மேடைப்பேச்சு எதுவும் தெரியாது.

ரசாக் டம்ளரை வாங்கி வைத்துக்கொண்டே இருந்தார். குடிக்கவில்லை. மச்சான் தொப்பியைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தார். ரசாக்கின் முகத்தைப் பார்த்தார். மூடாமல் கிடந்த ஃப்ரிட்ஜைப் பார்த்தார்.

"பீரு" என்றார் ரசாக். இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பேர் வாயில் வந்தது. "வைகையில வீசுனேன்னு சொன்னியே."

"மேடையில எல்லாரும் அப்படித்தான் மாப்ள பேசுவாங்க. எனக்குக் கீழ எட்டுப் பேரு மெஷின் வாங்கிச் சேரணும்னு கம்பெனியில நெருக்குனாய்ங்க. நீ நெசமாவே விட்டுருவன்னு நான் நெனைக்கல."

"தினமும் காலையில போன் பண்ணி, ஊசி போட்டியான்னு கேட்டது யாரு? இல்லைன்னதும் சபாஷ் போட்டது யாரு? நீ ஊசிய குத்திக்கிட்டு வந்துதானே அந்த போனப் போட்ட?"

பீர் முகமது மகள் பக்கம் திரும்பினார். "ஷைமா, உள்ள போ" என்று மட்டும் சொன்னார்.

ரசாக் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஜெயினம்பு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவள் கை நிற்கவே இல்லை. ஆச்சரியமும் படவில்லை. அதைப் பார்த்ததும்தான் ரசாக்குக்கு உறைத்தது.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ங்க."

"எப்ப?"

"நம்ம வீட்டுக்கு மெஷின் வந்த வாரமே. அண்ணி சொன்னாங்க. பயம் போனா உங்களுக்கு ஊசி தானாக் குறைஞ்சிரும், நீ ஒண்ணும் சொல்லாதன்னு அண்ணன் சொன்னாரு. குறைஞ்சா நல்லதுதானேன்னு நானும் ஆசைப்பட்டேன்."

"நான் தண்ணி தண்ணின்னு தவிச்சப்ப?"

கீரைக்காம்பை ஒவ்வொன்றாக ஒதுக்கினாள். "அண்ணன எப்படிங்க நான் காட்டிக் குடுக்குறது?"

ரசாக் எழுந்து வெளியே போய்விட்டார். மச்சான் செய்ததை ஒரு பேராசை என்று தள்ளிவிடலாம். இவள் பக்கத்திலேயே இருந்து, வேளாவேளைக்குச் சோறு போட்டு, வாந்தியைக் கழுவிவிட்டு, வாயை மட்டும் திறக்காமல் இருந்திருக்கிறாள். அந்த இடத்தை அவரால் தாண்டவே முடியவில்லை.

நடந்து நடந்து ஷேர் ஆட்டோ ஸ்டாண்டுக்கு வந்துவிட்டார். தான் கெடுத்து வைத்த ஒருவன் இருக்கிறானே என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. நல்லகாமனைத் தனியே கூப்பிட்டார்.

"நான் சொன்னது அம்புட்டும் தப்புடா. இன்னைக்கே மாத்திரைய ஆரம்பிச்சிரு."

நல்லகாமன் தலையைச் சொறிந்தான். "நான் நிறுத்தவே இல்லையே பாய்."

"நிறுத்திட்டேன்னு சொன்னியேடா?"

"நீங்க அம்புட்டு ஆசையாச் சொன்னீங்க. உங்க மனசு நோகக் கூடாதேன்னு சொல்லி வச்சேன். அந்தத் தண்ணிய ரேடியேட்டர்ல ஊத்துறவங்களுக்குக் குடுத்துருவேன்."

நல்லவேளை என்று சந்தோஷப்படத்தான் வேண்டும். உயிரைக் காப்பாற்றினவன் வேறு. ஆனால் ரசாக் வந்த வழியே திரும்பி நடந்தார். மச்சான், மனைவி, வாடிக்கைக்காரன், எல்லோரும் வெளியே ஒன்று சொல்லி உள்ளே ஒன்று வைத்துக்கொண்டு பத்திரமாக இருந்திருக்கிறார்கள். சொன்னதை அப்படியே நம்பி, குப்பையில் போட்டது அவர் ஒருத்தர்தான்.

தாமரைக்குளத்து வீடியோ வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அழிக்கச் சொன்னதற்கு, "என் கைய விட்டுப் போயிருச்சு மாப்ள" என்று செய்தி அனுப்பினார் பீர் முகமது. அதனால் ரசாக் கடையில் உட்கார்ந்து, நல்லகாமனை போனைப் பிடிக்கச் சொல்லி, தானே பேசினார். "நான் அப்துல் ரசாக். முன்னாடி நான் பேசுனது பொய். ஊசிய நிறுத்தி ஒன்பதாவது நாள் செத்துப் பொழச்சேன். யாரும் நிறுத்தாதீங்க." மச்சான் பேரைச் சொல்லவில்லை. தெரிந்த எல்லோருக்கும் அனுப்பினார். முதல் வீடியோ அளவுக்கு அது ஓடவில்லை. ஆனாலும் திருப்பரங்குன்றத்திலிருந்து முன்பின் தெரியாத ஒரு அம்மா போன் பண்ணி, மகனுக்கு நிறுத்தியிருந்ததாகவும் திரும்ப ஆரம்பித்துவிட்டதாகவும் சொல்லி அழுதார்.

ஜெயினம்பு அந்த வீடியோவுக்காக இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அண்ணனுக்கு அசிங்கமாகிவிட்டதாம். இப்போது பேசுகிறாள். வெள்ளிக்கிழமை அண்ணன் வீட்டுக்குத் தனியாகப் போய் வருகிறாள், அவர் தடுப்பதில்லை. உடம்பு தேறிவிட்டது. மூன்று மாதத்துக்கொருமுறை மாதங்கியிடம் காட்டுகிறார். வீட்டில் யார் எதைச் சொன்னாலும் ஒரு நிமிஷம் முகத்தைப் பார்க்கிற பழக்கம் மட்டும் புதிதாக வந்திருக்கிறது.

பக்ரீத் தொழுகை முடிந்து எல்லோரும் எழுந்தபோது பீர் முகமது கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நாலு பேர் பார்க்க, ரசாக் கையை நீட்டினார். பீர் முகமது இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார்.

"ஊசி ஒழுங்காப் போடுறியா மாப்ள?"

"போடுறேன். நீ போடுறத எல்லார்கிட்டயும் சொல்லிட்டியா?"

பீர் முகமது கையை விட்டுவிட்டு, செருப்பைத் தேடுகிறவர் மாதிரி வாசல் பக்கம் திரும்பினார்.