அடங்கின தண்ணி நிறம்

ஓர் ஊருக்குள் மட்டும் பெயருள்ள நிறத்தை, ஊருக்கு வெளியே எப்படிச் சொல்லித் தேடுவது? கண்டக்குழி அல்பொன்சாவுக்கு மூன்று வருஷம் இந்தக் கேள்வியோடுதான் போனது.

அவள் கணவன் கில்பட் தன் படகுக்குத் தானே பெயின்ற் கலந்தவன். நீலத்தையும் பச்சையையும் ஒரு வாளியில் ஊற்றிக் கிண்டி, குச்சியைக் கடலில் அமிழ்த்திப் பார்த்தான். குச்சி தண்ணீரோடு தண்ணீராய் மறைந்தபோது நிறுத்தினான். தென்மேற்குக் காற்று ஓய்ந்த கிழமையில் அந்தக் கரைக்கடல் கொள்ளும் நிறம் அது. ஊரில் அதற்கு 'அடங்கின தண்ணி' என்று பெயர். இனிப் பயமில்லாமல் தொழிலுக்குப் போகலாம் என்பதும் அந்தப் பெயருக்குள் இருந்தது. மற்ற ஊரார் கண்ணிலும் அந்த நிறம் பட்டிருக்கும், மனதில் நின்றிருக்காது.

அப்படியொரு கிழமையில் போன கில்பட் திரும்பவில்லை.

பொலிஸில் படகின் நிறத்தைச் சிங்களத்தில் கேட்டார்கள். கில்பட்டின் தம்பி சாள்ஸ் அவளிடம் திரும்பினான்.

"என்ன நிறமெண்டு கேக்கிறார், மச்சாள்."

"அடங்கின தண்ணி."

"அத எப்பிடிச் சிங்களத்தில சொல்ற? நீலம் எண்டு சொல்லவா?"

"நீலம் இல்ல."

"அப்ப பச்சயா?"

"பச்சயும் இல்ல. நீயும்தானே நிண்டு பூசினாய், மறந்திட்டியா?"

சாள்ஸ் பொலிஸ்காரரிடம் சிங்களத்தில் 'நில்' என்றான். காகிதத்தில் படகு நீலமாயிற்று.

கரைக்கு வரும் ஒவ்வொரு படகுக்காரரிடமும் அல்பொன்சா கேட்டாள். "அடங்கின தண்ணி நிறத்தில போட் ஒண்டு கண்டீங்களா?"

"கடல் முழுக்க அதுதானே, அக்கா!" என்று சிரித்தான் ஒருவன். அவளும் சிரித்தாள். பிறகு அவன் காட்டிய பக்கமே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாம் வருஷம், சிலாபத்துக்கு வடக்கே ஒரு படகுத் துண்டு ஒதுங்கியது; அடையாளம் காட்டப் பொலிஸ் கூப்பிட்டது. இலக்கம் தேய்ந்து, நிறம் உப்பில் வெளுத்திருந்தது. அது கில்பட்டின் படகு என்று அவள் சொன்னால் மரணச் சான்றிதழ் எடுக்கலாம், இறந்தவருக்கான பூசை ஒப்புக்கொடுக்கலாம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான் சாள்ஸ்.

கடல் நிறத்தைக் காய்ந்த பொருளில் வைத்து அவள் ஊரில் யாரும் முடிவு சொல்வதில்லை. அல்பொன்சா சாள்ஸின் தண்ணீர்ப் போத்தலை வாங்கித் துண்டின்மேல் ஊற்றினாள். வெளுப்புக்கு அடியிலிருந்து நிறம் எழுந்து வந்தது. சாள்ஸ் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டான்.

"இதுதான், மச்சாள்."

ஈரம் காயும் வரை அவள் அதன்மேல் வைத்த கையை எடுக்கவில்லை. பொலிஸ்காரர் காகிதத்தோடு காத்திருந்தார்.

"எங்கட போட் நீலம்," என்றாள். "பேப்பரில இருக்குதே. இது பச்ச."

"மச்சாள்!"

"பச்ச எண்டு சொல்லு அவருக்கு."

திரும்பும் வழியில், பாலாவியில் பஸ் மாறும்போது, ஏன் அப்படிச் சொன்னாள் என்று சாள்ஸ் கேட்டான். அதற்குப் பிறகும் பலமுறை கேட்டான். அன்று அவள் சொன்னதெல்லாம், கடை பூட்ட முதல் பாண் வாங்க வேணும் என்பதுதான்.