காய்வெட்டுக்கு விளிக்கப் போனவன்

ஒருவரிடம் உதவி கேட்டால் ஒரு நெல் நீளத்துக்கு உயரம் குறைந்துவிடும் என்று எட்டு வயதில் நான் நம்பினேன். சொன்னவர் வளைகுடாவிலிருந்து லீவில் வந்திருந்த மாமா. ஷூவுக்குக் கயிறு கட்டித் தரச் சொல்லி நான் நச்சரித்த எரிச்சலில், எங்கள் ஊர்த் தபால்காரர் குள்ளமாகப் போனதே இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் என்று முகத்தில் சிரிப்பின் வாடையே இல்லாமல் சொன்னார். வகுப்பில் முதல் பெஞ்சின் முதல் ஆள் நான். இழப்பதற்கு என்னிடம் உயரம் அதிகமில்லை.

அந்த வாரம்தான் அத்தைக்குக் கல்யாணம். அப்பாவின் கடைசித் தங்கை. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முந்தின நாள் காய்வெட்டு. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் அவரவர் கத்தியோடு வந்து, மறுநாள் விருந்துக்கான காய் முழுவதையும் பந்தலில் உட்கார்ந்து நறுக்கித் தருவார்கள். ஆனால் அதற்கென்று அன்று காலையில் தனியாகப் போய் விளிக்க வேண்டும், வாய்விட்டு அழைக்க வேண்டும். கல்யாணக் கார்டு கொடுத்ததெல்லாம் சேர்த்தியில்லை. விளிக்காவிட்டால் மதிலை ஒட்டிய வீடும் அசையாது.

அம்மா என்னை அனுப்பினாள். பதினெட்டு வீடு. ஒவ்வொரு வாசலிலும் நின்று, மூன்று மணிக்குக் காய்வெட்டுக்கு வந்து உதவ வேண்டும் என்று சொல்ல வேண்டும். நான் நெல் கொட்டி வைக்கும் பத்தாயத்துக்கு அடியில் சிந்திக் கிடந்த நெல்லில் பதினெட்டைப் பொறுக்கி வரிசையாக வைத்துப் பார்த்தேன். என் கைக்குச் சரியாக ஒரு சாண். ஒரு சாண் போனால் நான் மூன்றாம் வகுப்பிலிருந்து அங்கன்வாடிக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். நேராகக் கால்வாய் மதகில் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, வியர்வைக்கு முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு வீடு வந்தேன். சொல்லியாச்சு, எல்லாரும் வருவாவ என்றேன்.

மூன்று மணி ஆயிற்று. பந்தலில் பூசணி மாதிரிப் பருத்த தடியங்காய், சேனை, ஏத்தன் வாழைக்காய், முருங்கைக்காய் என்று ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. விரித்த பாயில் ஒரு காக்கா நடந்து போயிற்று. மூன்றரைக்குச் சமையல்காரர் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார். ஆறு மணிக்குள் காய் அடுப்படிக்கு வராவிட்டால் நாளைக்கு இலையில் சோறும் உப்பும்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா என்னைப் பார்த்தாள்.

“எல்லா வீட்லயும் சொன்னியா மக்கா?”

“சொன்னேன்.”

இன்னொரு தடவை ஆள் விடலாமே என்று அம்மா கேட்டதற்கு, வர மனசில்லாதவன் வாசலில் இரண்டாவது போய் நிற்கப்படாது என்று அப்பா சொல்லிவிட்டார். பிறகு அவரே ஒரு தடியங்காயை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, எங்கே வெட்டுவது என்று தெரியாமல் தடவிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அத்தை மருதாணிக் கையோடு வந்து பாயில் உட்கார்ந்து கத்தியை எடுத்தாள். கல்யாணப் பெண் காய் நறுக்கி நான் கேட்டதுகூடக் கிடையாது. குனிந்த தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

“என் கல்யாணம்னா ஊருக்கு வேண்டாம் போல அண்ணா.”

அப்பா தடியங்காயை மடியிலிருந்து இறக்கி வைத்தார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் அதைவிடப் பெரிய புத்திசாலி. ஒரு சேனையை மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் உருட்டிக்கொண்டு போய், மொத்தக் காயையும் ஒற்றை ஆளாக வெட்டி முடிப்பது என்று உட்கார்ந்தேன். கையில் எண்ணெய் தேய்க்காமல் சேனையைத் தொடக் கூடாது என்று எனக்குத் தெரியாது. கேட்டால்தான் ஒரு நெல் போய்விடுமே. கால் சேனை தோல் சீவுவதற்குள் இரண்டு கையும் தீப்பிடித்தது. அந்தக் கையால் கண்ணைத் துடைத்தேன். பிறகு கழுத்தைச் சொறிந்தேன். இன்னும் முப்பது சேனை பாக்கி.

போகட்டும், குள்ளனாகவே இருந்துவிடுகிறேன் என்று எழுந்து ஓடினேன்.

தெருவில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. பட்டப்பகலில் எங்கள் தெரு அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. ஊரே கோபித்துக்கொண்டு மார்த்தாண்டத்துக்கு பஸ் ஏறிவிட்டது என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுப் பெரியம்மையின் கதவை இடித்தேன். கொஞ்சமாகத் திறந்தது. உள்ளே பெரியம்மை கஞ்சி போட்ட நல்ல சேலை உடுத்தி, கையில் கத்தியோடு நின்றாள். வெட்டத்தான் போகிறாள் என்று நினைத்து நான் அலறிவிட்டேன்.

“என்னலே?”

“காய்வெட்டுக்கு வரணும் பெரியம்மை. அம்மை காலத்தயே சொன்னா, நாந்தான் விளிக்கல்ல. ஆரும் வரல்ல. அத்தை அழுறா.”

“இப்பமாவது விளிச்சியே” என்றாள். நான் படி இறங்குவதற்குள் அவள் எங்கள் வாசலில் இருந்தாள்.

மீதிப் பதினேழு வீட்டுக்கும் அழுதுகொண்டும் சொறிந்துகொண்டும் ஓடினேன். எந்த வீட்டிலும் இரண்டாவது வார்த்தை தேவைப்படவில்லை. நாலரைக்குப் பந்தலில் கால் வைக்க இடமில்லை. அத்தையின் கையிலிருந்த கத்தியை யாரோ பிடுங்கி, அவளை உள்ளே விரட்டினார்கள். ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது காய் அடுப்படிக்குப் போயிற்று. அவியலுக்கு வெட்டினது நீளம் கூடுதல் என்று சமையல்காரர் குறை சொன்னார். அம்மா என் கையில் புளியைக் கரைத்துத் தேய்த்தாள், கொஞ்சம் அழுத்தியே.

அன்றைக்கு அத்தனை வீடும் எங்கள்மேல் கோபத்தில் கதவை அடைத்திருந்தது என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். போன வருஷம் கருங்கல் என்ற ஊரில் ஒரு கல்யாணத்தில் அந்தப் பெரியம்மையின் மகளைப் பார்த்தேன். என்னோடு படித்தவள். அவள்தான் சொன்னாள். பதினெட்டு வீட்டிலும் காலையிலேயே கத்தியைத் தீட்டி வைத்துக் காத்திருந்திருக்கிறார்கள். விளிக்க ஆள் வராத வருத்தத்தில் ஏதோ ஒரு வீடு முதலில் கதவைச் சாத்தியிருக்கிறது. அடுத்த வீட்டில் சாத்தின கதவைப் பார்த்தவர்கள், அந்த வீட்டுக்காரர்கள் காய்வெட்டுக்குப் போயாயிற்று, தங்களை மட்டும்தான் விளிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். அந்த அவமானம் வெளியே தெரியக் கூடாது என்று தங்கள் கதவையும் சாத்திக்கொண்டு, நல்ல துணியோடு உள்ளே சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள்.