கல்லைக் காதால் பார்த்த முபாறக்

முபாறக்கின் இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தபோது காலை ஒன்பது மணி இருக்கும். நான் கொக்கோ அரைத்துக்கொண்டிருந்தேன். அவர் அழைத்தால் ஸலாம் சொல்வதற்கு முன்பே போனைக் கொண்டுபோய் அரைக்கும் மிசினுக்குக் கிட்டப் பிடிப்பது என் வழக்கம். கல் சுற்றும் சத்தத்தை அவர் ஒரு நிமிடம் கேட்பார். அதற்குப் பிறகுதான் கதை. அன்றும் அப்படியே பிடித்தேன். திரும்பக் காதில் வைத்தபோது அவருடைய மனைவி பஸ்மியா அழுதுகொண்டிருந்தாள். சொல்ல வேண்டியதை அவள் மிசினுக்குச் சொல்லி முடித்திருந்தாள். "என்ன புள்ள, திரும்பச் சொல்லு" என்றேன்.

"அவர் சுபஹோட மௌத்தாகிட்டார் ராத்தா."

அந்த மரணச் செய்தியை ஒரு பெண்ணை இரண்டு தடவை சொல்லவைத்த பாவி நான். இன்னாலில்லாஹி சொல்வதற்குக்கூட நாக்கு எழும்பவில்லை.

இந்தக் கரையோரத்தில் வீட்டில் சொக்லேட் செய்கிற நாங்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்குகிறவர்கள். எங்கள் எல்லோருடைய மிசினிலும் முபாறக்கின் கை பட்டிருக்கிறது. அவர் யாரென்று எங்கள் ஊர்ப் பக்கத்தவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கல்முனையில், வயல் பம்பு மோட்டர்களுக்குக் கம்பி சுற்றிக் கொடுக்கும் சின்னக் கடை அவருடையது. வயது நாற்பத்தாறு. எனக்கு எட்டு வயது இளையவர், அதனால் நான் அவருக்கு ராத்தா, அக்கா.

முதன்முதலில் அவரிடம் போனபோது, எரிந்துபோன கிரைண்டரை மடியில் வைத்துக்கொண்டு நிந்தவூரிலிருந்து பஸ்ஸில் போனேன். தோசைக்கு உழுந்து அரைப்பதற்காக வாங்கிய மிசின் அது. போனில் வீடியோ பார்த்துச் சொக்லேட் செய்யப் பழகி, மாத்தளையிலிருந்து கொக்கோ விதை வரவழைத்து, அறுகம்பேயில் ஒரு விடுதிக்காரரிடம் தருகிறேனென்று வாக்கும் கொடுத்துவிட்டேன். மிசின் முதல் கிழமையே புகைந்துவிட்டது. முபாறக் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"இது உழுந்தில்லயே ராத்தா?"

"கொக்கோ."

"எவ்வளவு நேரம் ஓடின?"

"ரெண்டு நாள்."

"அரை மணித்தியாலம் ஓடுற சாமான ரெண்டு நாள் ஓட்டினீங்களா? இதுக்கு வாய் இருந்தா உங்கள ஏசியிருக்கும்."

"அதுக்குப் பதிலா நீங்க ஏசுங்க தம்பி. ஆனா செஞ்சி தாங்க" என்றேன். சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு எனக்கு ஒரு தொழில் கிடைத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அதன் பிறகு மாதத்துக்கு ஒரு வேலையாக அந்த மிசினை மாற்றினார். முதலில் மோட்டருக்குத் தடித்த கம்பி சுற்றினார். அடுத்து, சூடு தணிய ஒரு பழைய கம்பியூட்டரின் காற்றாடியை அடியில் பூட்டினார். உருளைக் கற்கள் இரண்டையும் மேலிருந்து அமுக்குவதற்கு ஓட்டோ எஞ்சினிலிருந்து கழற்றிய ஸ்பிரிங் ஒன்றையும் திருகும் ஸ்க்ரூ ஒன்றையும் வைத்தார். கடைசியாக, கரண்ட் போனால் தானாகவே வேலையை ஏற்றுக்கொள்ளும் பற்றரி. எல்லாவற்றையும் ஒரே தடவையில் செய்து தாருங்களேன் என்று நான் அவசரப்பட்டபோது, "எல்லாத்தையும் ஒண்டா மாத்தினா எது நல்லம் செஞ்சது, எது கேடு செஞ்சதெண்டு தெரியாமப் போகும் ராத்தா" என்றார். எனக்கு அந்தப் பொறுமை ஒருநாளும் வாய்த்ததில்லை.

வாய்க்காததால் ஒருமுறை வெட்கப்பட்டேன். விடுதிக்காரர் அவசரப்படுத்தினார் என்று, கெதியாக அரைபடட்டும் என நானே ஸ்க்ரூவை இறுக்கிவிட்டேன். அன்று அவர் அழைத்தார். போனைக் கிட்டப் பிடித்தேன்.

"ஸ்க்ரூவத் தொட்டீங்களா?"

"இல்லயே."

"ராத்தா."

"ஒரு சுத்துத்தான்."

"ரெண்டு சுத்து."

இரண்டுதான். கல்முனையில் உட்கார்ந்துகொண்டு என் குசினியில் நான் செய்த களவைப் பிடித்துவிட்டார். கல் தேய்வதைவிடப் பொய் பிடிபட்டதுதான் எனக்குக் கோபம். இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டு நானே அழைத்தேன். அவர் கேட்டுவிட்டு, "இப்பதான் மூச்சு விடுது" என்றார்.

ஸ்பிரிங் வைத்த பிறகு வந்த முதல் சொக்லேட்டை வாழையிலையில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒரு துணுக்கைக் கிள்ளி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். "மண் இல்ல. நல்ல பதம்" என்றார். பிறகு கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். எனக்கு முகம் சுருங்கிப்போனது. "எங்கட வீட்டுச் சாமான வாயில வைக்க ஏலாதோ?" என்று கேட்டே விட்டேன். அப்போதுதான் சொன்னார். கிட்னி இரண்டும் பழுதாகிவருகிறதாம். டொக்டர் கொடுத்த தின்னக்கூடாத சாமான்களின் பட்டியலில் சொக்லேட்டும் இருக்கிறதாம். "நீங்க சொல்லுங்க, எப்பிடி இருக்கு?" என்று ஆசையோடு கேட்டார். ஊரெல்லாம் வாய்க்காரி என்று பெயரெடுத்த நான், "நல்லா இருக்கு" என்றேன். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் கேட்டார். ஒவ்வொரு முறையும் அதே இரண்டு சொற்களைத்தான் கொடுத்தேன். அதைவிட நல்ல சொல்லொன்றை அந்த மனிதருக்காகத் தேடியிருக்கலாம்.

கிழமைக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்யும் நிலை வந்தது. ஒருநாள் பஸ்மியாவோடு நானும் போயிருந்தேன். அவர் கண்களை மூடிக்கொண்டு, பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த மிசினைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். "கேளுங்க ராத்தா. நல்ல மோட்டர். ஒரு பிசகு இல்ல. ஆள்தான் பழுது" என்றார். என் மிசினுக்குக் காற்றாடி வைத்தார், ஸ்பிரிங் வைத்தார், பற்றரி வைத்தார். அவருக்கு வைக்க எங்கள் யாரிடமும் ஒன்றுமில்லை. நான் என்ன செய்ய வேண்டுமென்று கேட்டேன். கேட்பதற்கே வெட்கமாக இருந்தது. அவர் யோசித்துவிட்டு, "மிசின ஒழுங்கா ஓட்டுங்க. வீட்டுல மௌத்து விழுந்தாலும் ஓடுற கல்ல அப்பிடியே நிப்பாட்டப்படா. நிப்பாட்டுறதெண்டா முதல்ல சொக்லேட்ட வழிச்செடுங்க. ஆறினா இறுகிக் கல்லப் புடிச்சிரும்" என்றார். "ஆஸ்பத்திரியில கிடந்துகொண்டு என்ன கதை இது!" என்று பஸ்மியா ஏசினாள். நான் தலையாட்டினேன்.

இனி அந்தக் காலைக்கு வருகிறேன். போனை வைத்ததும் நான் செய்த முதல் வேலை, மிசினின் பிளக்கைப் பிடுங்கியது. எங்கள் ஒழுங்கையில் ஒரு மௌத்து என்றால் ரேடியோவை, டீவியை, தையல் மிசினைக்கூட நிறுத்திவிடுவோம். யாரும் சொல்ல வேண்டியதில்லை, கை தானாகப் போகும். என் கையும் போனது. ஆனால் கல் நிற்கவில்லை. அவர் வைத்த பற்றரி வேலையை ஏற்றுக்கொண்டது. மனிதர் எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்திருந்தார். நான் அழுதுகொண்டே அதன் வயரையும் பிடுங்கினேன். கல் நின்றது. உள்ளே இரண்டாம் நாள் சொக்லேட் முழுதாக இருந்தது. அபாயாவைப் போட்டுக்கொண்டு பஸ் எடுத்துக் கல்முனைக்குப் போனேன்.

மையித்து வீட்டில் பெண்கள் இருந்த அறைக்கு ரோஸ்மேரி டீச்சரும் வெள்ளைச் சாரியில் வந்தார். கல்முனையில் அவரும் எங்களைப் போலச் சொக்லேட் செய்கிறவர். என் பக்கத்தில் இருந்துகொண்டு, "மனசு கேட்கல்ல, நானும் மிசின நிப்பாட்டிட்டுத்தான் வந்தன்" என்று காதுக்குள் சொன்னார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நிப்பாட்டுவதென்றால் முதலில் சொக்லேட்டை வழித்தெடுக்க வேண்டுமென்று முபாறக் எங்கள் எல்லோரிடமும் சொல்லியிருந்தது, இருவருக்கும் அதே நொடியில்தான் ஞாபகம் வந்தது. எழுந்து போயிருக்கலாம், அப்போதும் நேரமிருந்தது. ஆனால் ஜனாஸாவை நடு அறையில் கிடத்தியிருக்கும்போது, சொக்லேட் இறுகுகிறது என்று சொல்லிக்கொண்டு எப்படி எழும்புவது? இருந்தோம். அஸர் தொழுகைக்குப் பிறகு ஆண்கள் அவரைத் தூக்கிக்கொண்டு, அடக்குவதற்கு மையவாடிக்குப் போனார்கள். பஸ்மியா என் தோளில் சாய்ந்திருந்தாள்.

டீச்சர் பொறுமைக்காரர். அடுத்த நாள் முழுவதும், தலைமயிர் காயவைக்கும் மிசினால் சூடு காட்டிக் காட்டித் தன்னுடையதை மீட்டுவிட்டார். நான் அரை மணித்தியாலம் வெயிலில் வைத்தேன். ஓரம் இளகியதைக் கண்டதும் போதுமென்று நினைத்து, உள்ளே கொண்டுவந்து சுவிட்சைப் போட்டேன். கல் அசையவில்லை. மோட்டர் முனகியது. பிறகு அந்தப் பழைய எரிந்த மணம். வேறொரு கடைக்கு மோட்டரைக் கொண்டுபோனேன். கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, "இது கம்பனிச் சுத்தில்ல. எரிஞ்சி கட்டியாகிட்டு, கம்பி எத்தின சுத்தெண்டு எண்ணிப் பாக்கவும் ஏலா. சுத்தினவரத்தான் கேக்கணும்" என்றார். பாவம், அவருக்குத் தெரியாது. நான் மோட்டரை வாங்கிக்கொண்டு வந்து, இருந்த இடத்திலேயே பூட்டி, பற்றரி வயரையும் பிளக்கையும் பழையபடி கொழுவி வைத்தேன்.

புதிதாக ஒன்று வாங்கலாமே என்கிறார்கள். வாங்கலாம்தான். அது ஓடும் சத்தத்தை யார் கேட்பது?

போன கிழமை முபாறக்கின் இலக்கத்திலிருந்து மறுபடியும் அழைப்பு வந்தது. கணவனை இழந்து, வீட்டை விட்டு வெளியே போகாமல் இத்தா இருக்கிற பஸ்மியா.

"மிசின் ஓடுதா ராத்தா?"

"ஓம் புள்ள, ஓடுது" என்றேன். அன்று ஸ்க்ரூவைப் பற்றி அவருக்குச் சொன்னது போலவே பொய்.

"அப்ப ஒருக்காக் கிட்டப் பிடிங்களன். அவர் ஸ்பீக்கர்ல போட்டுத்தான் கேப்பார். எனக்கும் பழகிப் போச்சி. வீடு சத்தமில்லாமக் கிடக்கு."

என்ன செய்வேன்? எழுந்து போய், இறுகிக் கிடந்த கல்லுக்குக் கிட்டப் போனைப் பிடித்தேன். எவ்வளவு நேரம் பிடித்தேன் என்று தெரியாது. காதில் வைத்தபோது அவள் அழைப்பைத் துண்டித்திருக்கவில்லை.

"அண்டைக்கு நான் எடுத்த நேரம் நல்லா ஓடிச்சி, என்ன ராத்தா?"

"ஓம் புள்ள. நல்லா ஓடிச்சி."

அது மட்டும் பொய்யில்லை.

முபாறக்குடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பவை ஒரு ஸ்பிரிங், ஒரு சின்னக் காற்றாடி, ஒரு பற்றரி. நேற்று மதியம் கரண்ட் போனது. பற்றரிப் பெட்டி 'டிக்' என்று விழித்து, பச்சை வெளிச்சத்தைக் காட்டிக்கொண்டு, கல்லை ஓட்டுவதற்குத் தயாராக நின்றது. கரண்ட் திரும்பி வரும்வரை நான் அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.