பெரிசா ஒண்ணுமில்லைங்க

சுமியே குரோகிக்குக் கோபம் வந்தால் குரல் தாழும். ஜப்பானின் ஓர் ஆற்றோர ஊரில் முப்பது வருஷமாக வீட்டு இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருக்கிறாள். கணவன் இறந்த மாதமே அவன் மேஜையில் உட்கார்ந்தவள். பாலிசி விற்பது ஒரு வேலையே இல்லை என்பாள். வெள்ளம் வந்து போனபின் இந்த ஊர்க்காரர்கள் வாயிலிருந்து உண்மையான நஷ்டத்தை வாங்குவதுதான் உயிரை எடுக்கும் வேலை. சுவர் இடிந்து கிடக்கும்; கேட்டால், மேல் தெருவில் நம்மைவிட மோசம் என்று சிரிப்பார்கள். அழுத பிள்ளைக்குத்தான் பால் கிடைக்கும். இவர்களோ அழுவதற்கே வெட்கப்படுகிற ஜனம்.

ஜூலை வெள்ளம் வடிந்த ஐந்தாம் நாள் காலை, முடிதிருத்தும் யசுஜியின் கடைக்குள் நுழைந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். கடையும் வீடும் ஒன்றுதான். உள்ளே சுவர் நாலும் பால் போல் வெளுத்திருந்தன. தண்ணீர் நின்ற கறையைக் காணோம்.

"வாங்க சுமியே சான். ரோடெல்லாம் சேறு, நடக்கச் சிரமப்பட்டிருப்பீங்களே."

"யசுஜி சான், சுவரு?"

"பளிச்சுனு இருக்குல்ல? தெருவே கூடித் துடைச்சுக் குடுத்துச்சு. நஷ்டத்தை அளக்குற பெரியவர் சிட்டியிலேர்ந்து வர்றாரு. அவரைச் சேத்துலயா கால் வைக்கச் சொல்றது?"

"எதையும் தொடாதீங்கன்னு பக்கத்து வீட்டு போன்ல சொன்னேனே."

"சாமானைத் தொடலைங்க. சுவரைத்தானே துடைச்சோம்."

சுமியே சுவரை விரலால் தடவிப் பார்த்தாள். பாலிசியில் ஒரே ஒரு கணக்குத்தான். கடைக்குள் தண்ணீர் ஒரு முழத்துக்குமேல் ஏறியிருந்தால் பணம், இல்லாவிட்டால் ஒரு காசும் கிடையாது. அந்தப் பணம் வராவிட்டால் அறுபத்தாறு வயதில் யசுஜி கடையை இழுத்து மூட வேண்டியதுதான். அவருடைய போன் தண்ணீரோடு போயிற்று. அக்கம்பக்கத்தில் யாரிடமும் படம் இல்லை. அடுத்தவர் துன்பத்தைப் படம் பிடிப்பது அங்கே அசிங்கம். இரண்டு பக்கத்து வீடுகளும் அடித்தளத்தை உயர்த்திக் கட்டியவை. அவற்றின் கறை இந்தப் பள்ளத்துக் கடைக்குச் சாட்சி சொல்லாது.

பின்வாசலில் சேறு இன்னும் குவிந்து கிடந்தது. ஈரத்துணியில் தொட்டுச் சுவரில் ஒரு கோடு இழுத்தால் போதும், ஒரு நிமிஷ வேலை. சுமியே குனிந்தேவிட்டாள். நடந்தது நிஜம், கோடு மட்டும்தானே பொய் என்று மனம் வாதாடியது. பொய்க் கோடு பிடிபட்டால் இவர் பாலிசி மட்டுமல்ல, தான் எழுதிய இருநூறு வீட்டுப் பாலிசியையும் சந்தேகக் கண்ணோடு பார்ப்பார்கள் என்று தோன்றியதும் நிமிர்ந்தாள்.

ஒன்பதரைக்குச் சொன்ன மதிப்பீட்டாளர் கதாஹிரா ஒன்பது இருபத்தைந்துக்கே வந்து நின்றார். அன்றைக்கு அவருக்குப் பதினோரு வீடு. காலணியைக் கழற்றப் போனவரை யசுஜி கும்பிடாத குறையாகத் தடுத்தார். கதாஹிரா சுவரைப் பார்த்தார், அளவு நாடாவை எடுத்தார், எங்கே வைப்பதென்று தெரியாமல் மறுபடி பையில் போட்டார்.

"தண்ணி எவ்வளவு உயரம் வந்துச்சு?"

"பெரிசா ஒண்ணுமில்லைங்க. ஏதோ கொஞ்சம். மேல் தெருவுல பாவம், வீட்டையே அடிச்சுட்டுப் போயிருச்சு."

பேனா காகிதத்தில் ஓடியது. சுமியே பல்லைக் கடித்தாள். ஏஜென்ட் வாயைத் திறந்தால் சொல்லிக் கொடுத்த சாட்சி என்று எழுதிவிடுவார்கள்.

"கொஞ்சம்னா? கணுக்காலா, முழங்காலா?"

"கால் நனைஞ்சுதுன்னு வெச்சுக்கோங்க. உங்களை இவ்வளவு தூரம் அலைய வெச்சதுக்கே எனக்குக் கூச்சமா இருக்கு."

நல்ல மனுஷன், தன் கழுத்தைத் தானே நறுக்கிக்கொண்டிருந்தார். கதாஹிரா படிவத்தைத் திருப்பினார். கையெழுத்துப் போட யசுஜி பவ்யமாகப் பேனாவை வாங்கினார்.

"அந்தப் பேனாவைக் கீழ வைங்க!"

உள்ளறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள் அவர் மனைவி நோபுயே. இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து மாடிப்படி ஏற முடியாதவள்.

"கால் நனைஞ்சுதா? ஐயா, கேளுங்க. மாடிக்குத் தூக்க முடியாம, என்னை அந்த முடிவெட்டுற நாற்காலியில உக்கார வெச்சு, பெடலை மிதிச்சு மிதிச்சு முழு உயரத்துக்கும் ஏத்தினாரு. அப்பவும் என் மடி தண்ணிக்குள்ள. விடிஞ்சு படகு வர்ற வரைக்கும் நாலு மணி நேரம் நாற்காலியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டே நின்னாரு. இப்ப என்னடான்னா உபசாரம் பேசுறாரு உபசாரம்!"

"நோபுயே, வந்தவங்க முன்னால..."

"வாயை மூடுங்க."

கதாஹிரா பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "அம்மா, நீங்க சொல்றதை நம்பறேன். நம்பினேன்னு ரிப்போர்ட் எழுத முடியாது" என்றார். பிறகு கண்ணாடிக்குக் கீழே, ட்ரையர் சொருகும் பிளக் பாயின்ட்டின் முன் மண்டியிட்டார். இடுப்புயரத்தில் இருந்தது அது. மின்சாரம் இன்னும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.

முதல் திருகு சுலபமாக வந்தது. இரண்டாவது துருவேறி மறுத்தது. உள்ளே சுத்தமாக இருந்துவிட்டால் எல்லாம் முடிந்தது.

மூடி கழன்றது. களிமண் ஒரு கட்டியாகச் சரிந்து, பளபளத்த தரையில் பொத்தென்று விழுந்தது. பின்னாலேயே பழுப்புத் தண்ணீர் வழிந்தது.

"ஐயோ, மன்னிக்கணும்!" யசுஜி துணியோடு பாய்ந்தார்.

"தொடாதீங்க!" மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

கதாஹிரா நாலைந்து படம் எடுத்தார். நாடாவை வைத்து அளந்தார். இரண்டு முழம். பழைய தாளைக் கிழித்துவிட்டு அதே கேள்வியை, இந்த முறை மெதுவாக, மறுபடி கேட்டார்.

"யசுஜி சான், தண்ணி எவ்வளவு உயரம் வந்துச்சு?"

யசுஜி துணியைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து, உள்ளங்கையை இடுப்புக்குமேல் வைத்துக் காட்டினார். அந்தக் கையை இறக்காமலே பேசினார்.

"இதுவரைக்கும் வந்துச்சுங்க. பயந்துட்டேன். இன்னும் ஒரு முழம் ஏறினா இவளை எங்க தூக்கி வைக்கிறது? இதுக்கு மேல தூக்க என் கையில பலம் இல்லை. அதைத்தான் நாலு மணி நேரமும் நினைச்சுக்கிட்டே நின்னேன்."

கதாஹிரா எழுதினார். சுமியே முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

நோபுயே கதவை விட்டுவிட்டுத் தட்டுத் தடுமாறி அவரிடம் வந்தாள்.

"கவலைப்படாதே, தண்ணி இறங்குதுன்னுல்ல எங்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்தீங்க" என்றாள்.